தொட்டி அடைப்பும் ஆர்மோனியப் பொடியும்

தம்பிமாரே, சென்ற மாதம் நான் பண்ணைக்கு வந்திருந்தபோது உங்களில் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். விதைக் கிடங்கில் சாவிக்கொத்து மாட்டும் ஆணிக்குப் பக்கத்து ஆணியில் ஒரு மர அடைப்பு தொங்குகிறதே, ஒரு சாண் நீளத்தில், உருண்டையாய், தேங்காய் நார் சுற்றி, அது எதற்கு என்று. தொட்டிக்குப் பித்தளைக் குழாய் வந்து எத்தனையோ காலமாயிற்று, இதை ஏன் இன்னும் தூக்கிப் போடவில்லை என்றும் கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று சொல்லி நான் நழுவிவிட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகவில்லை. வெட்கம்தான். வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணிவிட்டுப் படுத்தால் தூக்கம் வரவில்லை. ஆகவே எழுதியே விடுகிறேன். நான் மிஷன் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். கதையை மட்டும் திருத்தாதீர்கள். ஒரு தடவை அதைத் திருத்தப் போய்த்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

முதலில் ஒரு சின்னக் கதை. அது தெரியாவிட்டால் பெரிய கதை விளங்காது.

நான் இந்தச் சர்க்கார் விதைப்பண்ணையில் சேர்ந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில். எங்கள் குடும்பத்துக்கு நெல்லைத் தவிர வேறு விதை தெரியாது. விதைநெல்லைச் சாக்கில் கட்டிக் கால்வாயில் முக்கிப் போடுவோம். ஒரு பகலும் ஓர் இரவும் கிடக்கும். எடுத்து வைக்கோலில் மூடி வைத்தால் வெள்ளை வெள்ளையாய் முளை எட்டிப் பார்க்கும். இதுதான் நான் அறிந்த வேதம். சேர்ந்த முதல் வருடம், கும்பப்பூ என்கிற இரண்டாம் போக நெல் அறுப்பு முடிந்த கையோடு, பழைய மேஸ்திரி ஒரு சாக்குப் பெரும்பயற்றை என்னிடம் கொடுத்து, “விதைக்கதுக்கு ஆயத்தம் பண்ணுலே” என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் ஆயத்தம் பண்ணினேன். சாக்கைக் கட்டிக் கால்வாயில் முக்கிவிட்டேன்.

மறுநாள் போய்ப் பார்த்தால் சாக்கு கர்ப்பிணிப் பன்றிபோல உப்பிக் கிடக்கிறது. அவிழ்த்தால் நுரை. தோல் கிழிந்த பயறு கைபட்ட இடமெல்லாம் வழுக்குகிறது. நாற்றமோ, நாற்றம். பழைய மேஸ்திரி வந்தார். மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்னலே, பயறுக்கு ஞானஸ்நானம் குடுத்தியா?”

“நெல்லுக்குச் செய்யுறதுபோலத்தான் செய்தேன்…”

“லே, நெல்லு வாத்து. பயறு கோழி. ரெண்டையும் ஒரே குளத்துல விட்டா எது கரையேறும்?”

அந்தச் சாக்கை நானே தோளில் தூக்கிக்கொண்டு போய் உரக்குழியில் கொட்டும்படி கைகாட்டினார். அந்த வாடை என் தோளைவிட்டுப் போக மூன்று குளியல் ஆயிற்று. பாடம் அதற்குப் பிறகும் போகவில்லை.

இனி பெரிய கதை. முப்பதுகளின் கடைசி. அப்போது நானே மேஸ்திரி. புதிதாக ஒரு விவசாய இன்ஸ்பெக்டர் சார் வந்தார். திருவனந்தபுரத்துக்காரர், இளவயது, மெலிந்த உடம்பு. புத்தகம் படித்துக்கொண்டே நடப்பார். இரண்டு தடவை வாய்க்காலில் விழுந்தும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. நல்ல மனுஷர். கோபம் வந்தால் குரல் தாழும். அதைப் பார்க்கத்தான் எங்களுக்குப் பயம்.

அவருக்குச் சீமையிலிருந்து தபாலில் ஒரு பழுப்புக் குப்பி வந்தது. உள்ளே சிட்டிகை சிட்டிகையாய் எடுக்கும்படி ஒரு பொடி. செடிகள் தங்களுக்குள்ளேயே சுரந்துகொள்ளும் ஒரு சத்து உண்டாம். வேர் விடு, தண்டு நீள் என்று செடிக்குக் கட்டளை இடுவது அதுதானாம். அதை இப்போது புட்டியில் அடைத்துவிட்டார்களாம். பெயர் ஹார்மோன் என்றார். எனக்கு அது வாயில் நுழைய ஒரு வாரம் பிடித்தது. பண்ணையைக் கூட்டிப் பெருக்கி, விதை புடைத்துக் கொடுக்கும் தங்கம்மைக்குக் கடைசிவரை நுழையவில்லை. ‘ஆர்மோனியப் பொடி’ என்றே சொல்லிவிட்டாள். தங்கம்மை என்னைவிட நான்கைந்து வயது மூத்தவள், நான் அக்கா என்று கூப்பிடுவேன். புருஷன் இல்லை. வாய் உண்டு.

இன்ஸ்பெக்டர் சாருக்கு ஒரு யோசனை. கும்பப்பூ அறுத்த வயலில் ஈரம் நான்கு நாள்தான் நிற்கும். அதற்குள் பயறு முளைத்துவிட்டால் கோடையில் ஒரு போகம் பயறு கிடைக்கும். முந்தி முளைக்க வேண்டுமானால் ஊறவைத்து விதைக்க வேண்டும். ஊறவைத்தாலோ என் ஞானஸ்நானப் பயறின் கதிதான். அவர் எனக்கு விளக்கினார்.

“பயறு வெள்ளம் குடிக்கல்ல மேஸ்திரீ, விழுங்குது. ஆவேசமா விழுங்கும்போது உள்ள இருக்கிற மெல்லிய சவ்வு கீறிப்போகும். சத்தெல்லாம் வெளிய ஒழுகும். பின்ன முங்கிக் கிடக்கதுனால மூச்சுக்குக் காத்தும் இல்ல. இந்த ஹார்மோனை அந்த வெள்ளத்துல கலந்தா விதை அதைத் தாங்குமா? அதுதான் கேள்வி, கேட்டோ.”

ஒரு சனிக்கிழமை பிற்பகல் கொட்டகையில் இரண்டு மண்சட்டி வைத்தோம். இரண்டிலும் ஒரே சாக்கிலிருந்து எண்ணி எடுத்த பெரும்பயறு. இடது சட்டியில் வெறும் கிணற்றுத் தண்ணீர். வலது சட்டியில் பொடி கலந்த தண்ணீர். அந்தப் பொடி நேரே தண்ணீரில் கரையாது. இரண்டு சொட்டு ஸ்பிரிட்டில் கரைத்துப் பிறகு ஊற்ற வேண்டும். மதுவிலக்குச் சங்கத்தில் கை தூக்கிச் சத்தியம் செய்தவன் நான். முகத்தைத் திருப்பிக்கொண்டு குப்பியைப் பிடித்தேன். தங்கம்மை துடைப்பத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் சார் இடது சட்டியைக் காட்டி, “இது அழுகும்” என்றார். வலது சட்டியைக் காட்டி, “இது முளைக்கும். பாத்துக்கோ” என்றார். நாளை மதியம்வரை இரண்டும் முழுகியே கிடக்க வேண்டும், பிறகு ஒரே நேரத்தில் எடுத்து மணல் தட்டில் விதைக்க வேண்டும், நீயே பக்கத்தில் இருந்து செய்ய வேண்டும் என்று என்னிடம் மூன்று தடவை சொல்லிவிட்டு, திருவனந்தபுரம் பஸ்ஸைப் பிடித்துப் போனார்.

இப்போது நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். மறுநாள் எங்கள் சபையில் அசனம். வருடத்துக்கு ஒருநாள் ஊர் முழுக்க ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் நாள். காய்கறி வெட்டும் கூட்டத்துக்கு நான் தலைவன். என்னை விட்டால் பூசணிக்காயை ஒரே அளவில் நறுக்க அந்தச் சபையில் ஆள் கிடையாது என்பது என் எண்ணம். சட்டி இரண்டும் கொட்டகையில் சும்மா கிடக்கின்றன. அவற்றுக்குக் காலா, ஓட? தங்கம்மையைக் கூப்பிட்டேன்.

“அக்கா, நாளை உச்சிக்கு இது ரெண்டையும் எடுத்து, அந்தா ரெண்டு தட்டுல தனித்தனியா விதைச்சிரு. இடது சட்டி இடது தட்டு, வலது சட்டி வலது தட்டு. சாரிட்ட ஒண்ணும் சொல்லண்டாம்.”

“நான் என்ன கண்டேன், நீங்க போயி நல்லா பூசணிக்கா வெட்டுங்க” என்றாள்.

திங்கட்கிழமை காலை தட்டுகளில் விதை ஒழுங்காய்க் கிடந்தது. தினக்குறிப்பு ஏட்டைத் திறந்து, ‘ஞாயிறு மதியம்வரை முழுகக் கிடந்தது. நானே எடுத்து விதைத்தேன்’ என்று எழுதிக் கையொப்பம் போட்டேன். ஆண்டவருடைய பந்திக்காகச் சொன்ன பொய்தானே, பாதிப் பொய்யாகத்தான் எண்ணுவார் என்று ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். அவரிடம் அப்படிப் பாதிக் கணக்கு கிடையாது என்பது எட்டு நாளில் தெரிந்தது.

வியாழக்கிழமை வலது தட்டில் ஒரு விதை தப்பாமல் பச்சைப் பசேலென்று தலைதூக்கி நின்றது. இடது தட்டில் அங்கொன்றும் இங்கொன்றும் கோணலாய். மிச்சமெல்லாம் நாறியது. இன்ஸ்பெக்டர் சார் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “மேஸ்திரீ, கண்டோ! கண்டோ!” அந்த மெலிந்த மனுஷருக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, என் விரல் மூட்டெல்லாம் நொறுங்கியது. ஒரே ஒரு தடவை செய்த சோதனை, இன்னொரு தடவை பார்த்தால் என்ன என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஜெயித்தவனிடம் யார் கேட்பார்கள்? ஊரெங்கும் கும்பப்பூ அறுப்பு வேறு நடந்துகொண்டிருந்தது. அவர் உடனே மேலதிகாரிக்குத் தபால் எழுதினார். சுற்றிலும் சொல்லி அனுப்பினார். வருகிற திங்கட்கிழமை, பயறு விதைக்கிறவர்கள் எல்லாரும் தங்கள் விதையைப் பண்ணைக்குக் கொண்டுவந்து, மருந்துத் தொட்டியில் ஊறப்போட்டு, மறுநாள் எடுத்துப்போய் விதைக்கலாம். மேலதிகாரியும் காரில் வருகிறார்.

திங்கட்கிழமை காலையில் பதினொரு விவசாயிகள் வந்தார்கள். தலைச்சுமையாகவும் காளைவண்டியிலுமாக விதை வந்து இறங்கியது. இராஜாக்கமங்கலம் பக்கத்திலிருந்து ஆறுமுகம் பிள்ளை இரண்டு சாக்கோடு வந்திருந்தார். எழுபது வயது, ஊரில் எல்லாருக்கும் பாட்டா. கண் மட்டும் இருபது வயது. “வே மேஸ்திரி, எனக்க வீட்டுல இதுக்குமேல ஒரு மணிப் பயறு கிடையாது, பாத்துக்கிடும்” என்று சொல்லி, தொட்டிக்கரையில் சாக்கை வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். மற்றவர்களுக்கும் அதே நிலைதான். சந்தையில் போய் வாங்குகிற விதை அல்ல அது. போன வருடத்துக் கொடியிலிருந்து பொறுக்கி, வேப்பிலை போட்டுப் பானையில் வைத்தது.

தொட்டி நிறைய தண்ணீர். இன்ஸ்பெக்டர் சார் பொடியைக் கரைத்து ஊற்றிவிட்டார். மேலதிகாரி வந்ததும் சாக்குகளை முக்க வேண்டியதுதான். நான் கைகளைத் தேய்த்துக்கொண்டு கொட்டகைக்குள் போனேன். தங்கம்மை பெருக்கிக்கொண்டிருந்தாள். என் நாக்கு சும்மா இருக்கவில்லை.

“பாத்தியாக்கா, உனக்க ஆர்மோனியப் பொடிக்க மகிமைய?”

அவள் துடைப்பத்தைத் தரையில் ஊன்றி நிமிர்ந்தாள். “பொடிக்க மகிமையா? நல்லாருக்கே கதை! நானில்லா அதைப் பொழைக்க வச்சேன்.”

“என்ன சொல்லுக?”

“நீங்க அங்கோட்டுப் போன பொறவு, ஒரு பானைச் சோறு வேவுற நேரம் கழிச்சு, அந்த மருந்துச் சட்டி வெள்ளத்தைச் சரிச்சுக் கொட்டிட்டேன். சாராய வாடை வேற அடிச்சுது. பயறை ஈரச் சாக்குல பொதிஞ்சு வச்சேன். ஞாயித்துக்கிழமை காலத்தயே மூக்கு விட்டுட்டுது. எங்க வீட்டுல அப்பிடித்தான் செய்வோம்.”

“முங்கியே கிடக்கணும்ணு சார் சொன்னாரே அக்கா!”

“சொன்னாரு. இது முளைக்கும்ணும் சொன்னாரு. மறுநாள் உச்சிவரை முங்கிக் கிடந்தா எப்பிடி முளைக்கும்? படிச்ச பிள்ளை சொன்ன வாக்கு பொய்யாவப்பிடாதுல்லா?”

“அப்போ அந்த இடது சட்டி? அதை ஏன் விட்டே?”

“அது அழுவும்ணுல்லா அவரு வாயால சொன்னாரு! நான் அதையும் எடுத்துப் பொழைக்க வச்சா அவருக்கு வருத்தமாயிருக்காதா?”

தம்பிமாரே, நான் இத்தனை வருடத்தில் எத்தனையோ அதிகாரிகளைப் பார்த்துவிட்டேன். தங்கம்மையின் அந்த இரண்டு பதிலுக்குள் அத்தனை பேருடைய சோதனையும் அடங்கிவிடும். மேலே இருப்பவர் என்ன நடக்கும் என்று முதலிலேயே சொல்லிவிட்டால், கீழே இருப்பவர்கள் அன்பினாலேயே அதை நடத்திக் கொடுத்துவிடுவார்கள். வஞ்சகம் இருந்தால்கூடப் பிடித்துவிடலாம். அன்பை எப்படிப் பிடிப்பது?

ஆனால் அன்று இவ்வளவு ஞானம் எனக்கு வரவில்லை. வந்தது கணக்குதான். பதினொரு வீட்டு விதையும் தொட்டிக்கரையில். முக்கினால் மறுநாள் பதினொரு உரக்குழி. சொன்னால் நான் வேலையை விட்டுவிட்டுப் பூசணிக்காய் வெட்டப் போனது வெளியே வரும். ஏட்டில் எழுதிய பொய்யும் வரும். இன்ஸ்பெக்டர் சார் மேலதிகாரியின் முன்னால் தலைகுனிய வேண்டும். கொட்டகைச் சுவரைப் பார்த்துக் கண்ணை மூடி, “கர்த்தாவே, ஒரு மழையைத் தாரும்” என்று ஜெபித்தேன். கண்ணைத் திறந்து வெளியே பார்த்தால் பங்குனி வெயில் கல்லைப் பிளக்கிறது. அவர் மழை தரவில்லை. ஆனால் தொட்டியின் அடியில் அந்த மர அடைப்பு என் கண்ணில் பட்டது. அதைக் காட்டியது அவர்தான் என்று அப்போது நம்பினேன். இப்போது நம்பவில்லை.

எல்லாரும் சாலைப் பக்கம் காரை எதிர்பார்த்து நின்ற நேரத்தில் தொட்டிக்குப் பின்னால் போய் அடைப்பைப் பிடுங்கினேன். தண்ணீர் குபுகுபுவென்று வாழைத் தடத்துக்குள் போயிற்று. ஏழு வாழைக்கு அன்று ஹார்மோன் அபிஷேகம். பாதி வடிந்த பிறகுதான் இன்ஸ்பெக்டர் சார் பார்த்தார். “அய்யோ, தொட்டி ஒழுகுது!” என்று ஓடிவந்தார். அதற்குள் அடைப்பைத் திருப்பிச் செருகிவிட்டு, “நார் இளகிப்போச்சு சாரே” என்றேன். கிணற்றுத் துலாவில் ஆள் ஏறி மறுபடி தண்ணீர் இறைத்தார்கள். அவர் குப்பியைத் திறந்து மறுபடி பொடி கரைத்தார். எனக்கு அரைமணி நேரம் கிடைத்தது.

அந்த அரைமணி நேரத்தில் நான் அவரைத் தனியே கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூன்று தடவை பக்கத்தில் போய், மூன்று தடவையும் “வெயில் கூடுதல் சாரே” என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். தொட்டி மறுபடி நிறைந்தது. நான் மறுபடி பின்னால் போனேன். மறுபடி பிடுங்கினேன். இந்தத் தடவை திருப்பிச் செருக நேரமில்லை. ஆள் வரும் சத்தம் கேட்டு, அடைப்பை வேட்டி மடியில் செருகி மேலே துண்டைப் போட்டுக்கொண்டு முன்பக்கம் வந்துவிட்டேன்.

“மறுபடியும் ஒழுகுது!” என்று இன்ஸ்பெக்டர் சார் தலையில் கைவைத்தார். கூட்டம் தொட்டியைச் சுற்றி வந்தது. ஆறுமுகம் பிள்ளை மட்டும் தன் சாக்கைவிட்டு எழுந்திருக்கவில்லை. அவர் தொட்டியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வே மேஸ்திரி.”

“என்ன பாட்டா?”

“மடியில என்னது, துருத்திட்டு நிக்கி?”

தம்பிமாரே, என் வாய் என்னைக் கேட்காமல் ஒரு பதில் சொல்லிற்று. “வேதப்புத்தகம் பாட்டா” என்றது.

பிள்ளை தலையைச் சாய்த்துப் பார்த்தார். “எங்க ஊருலயும் வேதக்காரங்க உண்டும். அவிய கையில கொண்டுபோற புத்தகம் எல்லாம் சதுரம். உமக்குள்ளது மட்டும் என்னவே உருண்டையாட்டு இருக்கு? வெள்ளமும் சொட்டுகு?”

கூட்டம் சிரித்தது. தண்ணீர் என் தொடை வழியாய் வடிந்து கால்விரலில் சொட்டியது. நானும் சிரிக்கப் பார்த்தேன். முடியவில்லை. பயற்றுக்காகச் சொன்ன பொய்யாக இருந்தாலும், வேலைக்காகச் சொன்ன பொய்யாக இருந்தாலும், இன்னும் ஒன்றிரண்டு சொல்லியிருப்பேனோ என்னவோ. ஆனால் தினமும் காலையில் எந்தப் புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வீட்டைவிட்டு இறங்குகிறேனோ, அதன் பெயரை ஓர் அடைப்புக்கட்டைக்கு வைத்துவிட்டேனே. உள்ளே ஏதோ கீறிக்கொண்டு ஒழுகிற்று. மடியிலிருந்து அதை எடுத்தேன். இன்ஸ்பெக்டர் சாரின் கையில் கொடுத்தேன்.

“சாரே, தொட்டி ஒழுகல்ல. நான்தான் பிடுங்கினேன். ரெண்டு தடவையும்.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அசனம், பூசணிக்காய், ஏட்டில் எழுதியது, தங்கம்மை சரித்துக் கொட்டியது. பதினொரு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். “பயறை முக்காதீங்க, அழுகிப்போவும்” என்று முடித்தேன். இன்ஸ்பெக்டர் சார் அடைப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில் சாலையில் காரின் ஒலி கேட்டது.

மேலதிகாரி இறங்கி வந்தார். தொப்பியும் கைத்தடியுமாய்ப் பெரிய மனுஷர். தொட்டியில் தண்ணீர் இல்லை, விவசாயிகள் முகத்தில் ஈயாடவில்லை, மேஸ்திரியின் வேட்டி நனைந்திருக்கிறது. என்ன நடக்கிறது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இன்ஸ்பெக்டர் சார் முந்திக்கொண்டார். குரல் தாழ்ந்திருந்தது.

“சார், இன்னைக்குச் செய்துகாட்ட ஒன்றும் இல்லை. சோதனையில் பிழை. பிழை என்னுடையது. ஒரு தடவை கண்டதை நான் நம்பிவிட்டேன்.”

மேலதிகாரி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். எனக்கு விளங்கவில்லை. இன்ஸ்பெக்டர் சாரின் காது சிவந்ததிலிருந்து அது ஆசீர்வாதம் இல்லை என்று விளங்கியது. கார் திரும்பிப் போய்விட்டது.

இன்ஸ்பெக்டர் சார் தொட்டிக்கரையில் உட்கார்ந்தார். அடைப்பு இன்னும் கையில் இருந்தது. அதன் நாரைப் பிரித்துப் பிரித்துச் சுற்றினார். வேலை போயிற்று என்று நான் நிச்சயித்துக்கொண்டு, வீட்டில் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் தலையைத் தூக்காமலே கேட்டார்.

“மேஸ்திரீ, அந்த அசனத்துல என்ன கறி?”

“ஆட்டிறைச்சியும் பூசணிக்காயும் சாரே.”

“நல்லா இருந்துதா?”

“நல்லா இருந்துது சாரே.”

“அப்போ அதுவாவது முறையா நடந்திருக்கு” என்று எழுந்தார். நேரே கொட்டகைக்குப் போய்த் தங்கம்மையைக் கூட்டிவந்தார். அவள் துடைப்பத்தைக் கீழே வைக்காமலே வந்தாள், அடிக்கப்போகிறார்கள் என்று பயந்து. அவர் விவசாயிகளைப் பார்த்து, “இந்த அம்மைகிட்ட கேளுங்க, இவங்க வீட்டுல எப்படிச் செய்வாங்கன்னு” என்றார். தங்கம்மை முதலில் வாயைத் திறக்கவில்லை. திறந்த பிறகு மூடவில்லை. அன்று உச்சிக்குள் பதினொரு சாக்கும் அவளுடைய மேற்பார்வையில் நனைந்து, வடிந்து, ஈரச் சாக்கில் பொதிந்து, வந்த வழியே வண்டி ஏறிற்று. “அண்ணாச்சி, உங்களுக்குள்ளதை இன்னும் கொஞ்சம் பிழியுங்க” என்று பெரிய பெரிய நிலக்காரர்களை அவள் ஏவியதை நான் கண்ணாரக் கண்டேன்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் சார் ஏட்டைக் கொண்டுவரச் சொல்லி, என் பொய்யைக் கோடுபோட்டு அடித்து, பக்கத்தில் உண்மையை என் கையாலேயே எழுதச் சொன்னார். அந்த ஏடு அலமாரியில் இருக்கிறது. கரப்பான் விட்டுவைத்திருந்தால் படித்துப் பாருங்கள். தண்டனை அவ்வளவுதான்.

அப்புறம் நான்கு சட்டி வைத்தோம். முழுகியது இரண்டு, ஒன்றில் பொடி, ஒன்றில் பொடியில்லை. கொஞ்சநேரம் நனைத்து வடித்தது இரண்டு, அதிலும் அப்படியே. எது என்ன ஆகும் என்று இந்தத் தடவை அவர் யாரிடமும் சொல்லவில்லை. எந்தச் சட்டியில் பொடி என்பதையும் என்னிடமோ தங்கம்மையிடமோ சொல்லவில்லை. முழுகிய சட்டிகளைப் பார்க்கவே தங்கம்மை மறுத்துவிட்டாள். “சாவட்டும்ணு போட்டு வச்சிட்டுப் பாத்துட்டு நிக்கியது பாவமில்லியா?” என்று அந்தப் பக்கம் பெருக்கக்கூட வரவில்லை.

வடித்த சட்டிகள் இரண்டும் ஒன்றுபோல முளைத்தன. முழுகியவை இரண்டும் கெட்டன. அவற்றில் பொடி இருந்ததில் ஒன்றிரண்டு விதை கூடுதலாகத் தப்பியது போலத் தெரிந்தது. அது பொடியாலா, எங்கள் ஆசையாலா என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. பிறகு ஒரு தடவை பொடியைக் கூட்டிப் போட்டுப் பார்த்தோம். வேர் நீளாமல் குட்டையாய்த் தடித்து முடங்கிற்று. “விதைக்குள்ள இருக்கதுதான் மேஸ்திரீ இது. அதுக்குத் தேவையான அளவு அதுக்குத் தெரியும். முங்கிச் சாகிறவனுக்கு நாம வெளியே நின்னு கட்டளை போட்டா போதுமா? காத்து வேணும்” என்றார். வாழைத்தடத்தை மட்டும் அவர் விடவில்லை. அபிஷேகம் பெற்ற ஏழு வாழையையும் தினமும் போய்ப் பார்த்தார். அவை எப்போதும் போலத்தான் குலை தள்ளின.

அதற்கடுத்த வருடம் மாற்றலாகிப் போகும்போது அவர்தான் அந்த அடைப்பைக் கிடங்கு ஆணியில் மாட்டினார். தொட்டிக்கு வேறு அடைப்பு செய்தாயிற்று. “முதல் தடவை பிடுங்கினது விதையைக் காப்பாத்த, மேஸ்திரீ. அதை நான் குத்தம் சொல்லமாட்டேன். ரெண்டாவது தடவை உன்னைக் காப்பாத்த” என்றார். நான் தலையாட்டினேன். இதைவிட நீளமான பிரசங்கம் எத்தனையோ கேட்டிருக்கிறேன். எதுவும் இப்படி ஆணியில் தொங்கவில்லை.

உங்களுக்கும் ஒருநாள் இப்படி வரும். சட்டி அதிசயமாய் முளைக்கும். எல்லாரும் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். அன்றைக்கு முதலில் போய்க் கொட்டகை பெருக்குகிறவரிடம், இதை யார் தொட்டது என்று கேளுங்கள். அதட்டிக் கேட்காதீர்கள். அதட்டினால் நீங்கள் விரும்புகிற பதில்தான் வரும். பதில் உங்களுக்குப் பிடிக்காவிட்டால், முதல் அரைமணி நேரத்துக்குள் சொல்லிவிடுங்கள். வெயில் கூடுதல் என்று சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள்.

ஆறுமுகம் பிள்ளைக்கு அந்தக் கோடையில் பயறு நன்றாய் விளைந்தது. முதல் நெற்றை உரித்து எனக்கும் தங்கம்மைக்கும் ஒவ்வொரு ஓலைக் கொட்டான் அனுப்பினார். ஆனால் அவர் கண்மூடும்வரை எனக்கு விடுதலை கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் வேதக்கோயில் வழியாய்த்தான் அவர் தோட்டத்துக்குப் போவார். நான் வெள்ளை வேட்டியும், கக்கத்தில் வேதப்புத்தகமுமாய் வருவதைக் கண்டால் குடையை ஊன்றி நின்றுவிடுவார்.

“வே மேஸ்திரி, இண்ணைக்குக் கொண்டுபோறது சதுரந்தானா?”

“சதுரந்தான் பாட்டா” என்று எடுத்துக் காட்டிவிட்டுத்தான் நான் கோயிலுக்குள் நுழைவேன்.